கையளவுக் கணிப்பொறியும் கடலளவு இணையமும்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

சென்ற நூற்றாண்டை அணுவின் நூற்றாண்டு என்று அழைத்தார்கள். இந்த நூற்றாண்டை இணையத்தின் நூற்றாண்டு என்று அழைத்தால் அது மிகையாகாது. வரப்பில் நின்று மழை நிலவரம் பார்க்கும் உழவர் கையிலும் இணையம் இருக்கிறது. பேருந்தின் படிக்கட்டில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு கல்லூரிக்கு வரும் மாணவனின் மறு கையிலும் அது இருக்கிறது. ஆனால் அன்பு நண்பர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்த இணைப்பு எவ்வாறு நேர்கிறது, எந்த வாயில்கள் வழியே நம் சொல் வெளியே போகிறது, எங்கே தடைப்பட்டால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல வல்லவர் நம்மில் எத்தனை பேர்? "நெட் வரவில்லை" என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்ல நமக்குத் தெரிவதில்லை. கைப்பேசியை ஒருமுறை அணைத்துப் போடுகிறோம். அதுவே நாம் அறிந்த ஒரே வைத்தியம்!

நாள்தோறும் உண்கிறவனுக்குச் சமைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லைதான். ஆயினும் அறிவியல் மாணவன் என்று பெயர் வைத்துக்கொண்டு, அடுப்பு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் இருப்பது அழகாகுமா? அதிகம் பேர் அறியாத இயங்குதளம் ஒன்றை ஏற்றிய ஒரு சிறு கணிப்பொறியைத் தன் கையாலேயே இணையத்தில் சேர்த்துப் பார்க்கும் மாணவன், அந்த ஒரு வாரத்தில் பெறும் கல்வி மிகப் பெரிது. அந்தக் கல்வி நம்மைப் போன்ற கல்லூரிகளில் எல்லோருக்கும் கிட்ட வேண்டும். இதுவே என் கருத்து. இதனை நூலறிவால் மட்டும் சொல்லவில்லை. செய்து பார்த்த பின்னரே சொல்கிறேன்.

பலகையும் அதன் பிறப்பும்

மூத்த மாணவர் ஒருவர் படிப்பு முடித்துப் போகும்போது எனக்குத் தந்துவிட்டுச் சென்றது 'ராஸ்பெரி பை 3' என்னும் ஒற்றைப் பலகைக் கணிப்பொறி. வங்கி அட்டையின் அளவே உடையது. பெட்டி இல்லை, திரை இல்லை, விசைப்பலகை இல்லை; பச்சை நிறப் பலகையும் அதன்மேல் சில சில்லுகளும் செருகுவாய்களுமே உண்டு. திரையையும் விசைப்பலகையையும் சுட்டியையும் நாம்தான் இணைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பலகை பிறந்த கதையை மாணவர்கள் அறிவது நல்லது. இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறியியல் படிக்க வரும் மாணவர்களின் தொகையும், அவர்கள் முன்கூட்டியே கற்றுவரும் திறனும் குறைந்துகொண்டே போவதை எபன் அப்டன் என்பாரும் அவருடைய நண்பர்களும் கண்டார்கள். முந்திய தலைமுறைப் பிள்ளைகள் வீட்டுக் கணிப்பொறியைப் பிரித்தும் சேர்த்தும் தாமே நிரல் எழுதிக் கற்றார்கள். பிந்திய தலைமுறைக்கோ மூடிய பெட்டிகள்தாம் கிடைத்தன. எனவே உடைந்தாலும் பெரிதாக வருந்த வேண்டாத விலையில் ஒரு கணிப்பொறியைச் செய்ய எண்ணினார்கள். 2012 பிப்ரவரி 29 அன்று ராஸ்பெரி பை விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர். ஆகவே இது விளையாட்டுப் பொருளாக அன்று, மாணவனுக்கான கருவியாகவே பிறந்தது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

மறைந்தும் மறையாத ஓர் இயங்குதளம்

இப்பலகையில் பெரும்பாலோர் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றுவர். நான் ஏற்றியது 'ரிஸ்க் ஓ.எஸ்.' என்பது. ஏன் இதைத் தேர்ந்தேன் என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

அதே கேம்பிரிட்ஜ் நகரில் 1978-இல் ஏகார்ன் என்னும் நிறுவனம் தோன்றியது. 1981-இல் அது செய்த பி.பி.சி. மைக்ரோ என்னும் கணிப்பொறி அந்நாட்டுப் பள்ளிகள்தோறும் புகுந்தது. அடுத்த கணிப்பொறிக்குத் தக்க சில்லு சந்தையில் இல்லையென்று கண்டு, சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்னும் இருவரும் தாமே ஒரு சில்லை வடிவமைத்தார்கள். 1985 ஏப்ரலில் அச்சில்லு முதன்முறையாக உயிர்பெற்று இயங்கியது. அதுதான் 'ஆர்ம்'. இன்று நம் சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசியின் உள்ளே இருப்பது அச்சில்லின் வழித்தோன்றலே. அந்த ஆர்ம் சில்லை வைத்து ஏகார்ன் 1987-இல் செய்த ஆர்க்கிமிடீஸ் கணிப்பொறிக்காக எழுதப்பட்ட இயங்குதளம், 1989 முதல் ரிஸ்க் ஓ.எஸ். என்ற பெயரைத் தாங்கிற்று.

1998-இல் ஏகார்ன் மேசைக் கணிப்பொறித் தொழிலைக் கைவிட்டது. தாய் இறந்தாலும் பிள்ளை இறக்கவில்லை. அதை விரும்பியவர்கள் கைவிடாமல் வளர்த்தார்கள். 2012-இல் ராஸ்பெரி பை பலகைக்கு அது வந்து சேர்ந்தது. 2018-இல் அதன் மூல நிரல் எவரும் எடுத்துப் படிக்கவும் திருத்தவும் உரிய கட்டற்ற உரிமத்தின்கீழ் வெளியாயிற்று. ஆர்ம் சில்லும் ரிஸ்க் ஓ.எஸ்.உம் ஒரு கருவில் பிறந்தவை எனலாம். சில்லு உலகை ஆள்கிறது. உடன்பிறந்ததோ ஒரு சிலர் வீட்டு மேசையில் ஒதுங்கி வாழ்கிறது. அந்த இரண்டையும் மறுபடி ஒரே பலகையில் சேர்த்துப் பார்ப்பது எனக்கு மகிழ்ச்சியளித்தது.

அதன் கரு சில மெகாபைட்டுகள்தாம். மின்சாரம் கொடுத்த சில நொடிகளில் திரை எழுந்து நிற்கிறது. பேசிக் மொழி உள்ளேயே உறைகிறது. குறைகளும் உண்டு. நிரல்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டால்தான் எல்லாம் ஓடும். ஒரு நிரல் பிடிவாதம் பிடித்தால் ஊரே நின்றுவிடும். சில்லில் நான்கு மூளைகள் இருந்தும் ஒன்றையே பயன்படுத்தும். இக்குறைகளை நான் மறைக்கவில்லை. ஆயினும் கற்பவனுக்கு ஒரு பெரும் நன்மை: எதுவும் திரைமறைவில் நடப்பதில்லை. கேட்டால்தான் செய்யும், செய்வதைச் சொல்லும்.

இணைப்பு என்னும் ஆய்வுக்கூடம்

கைப்பேசி தானாகவே இணையத்தைத் தேடிக்கொள்ளும். இங்கே அவ்வாறன்று. பலகையைப் பிணையக் கம்பியில் செருகியதும் செருகுவாயில் சிறு விளக்கு மினுக்கிற்று. ஆனால் இணையம் வரவில்லை. டி.சி.பி./ஐ.பி. என்னும் வரைமுறையை இயக்கு என்று நாம் அமைப்புப் பகுதிக்குச் சென்று சொல்ல வேண்டும். எந்த இடைமுகத்தின் வழியே என்றும் குறிக்க வேண்டும். பை 3-இல் கம்பிப் பிணையம் யு.எஸ்.பி. பாதையின் மேல் ஓடுவதால், அதற்குரிய செலுத்தி நிரலையே தேர்ந்தெடுக்க வேண்டும். முகவரியை நாமே எழுதுவதா, பிணையத்திடம் கேட்டுப் பெறுவதா என்றும் முடிவு செய்ய வேண்டும். பிறகு கணிப்பொறியை மறுபடி தொடங்க வேண்டும்.

முகவரி கேட்டுப் பெறும் முறை நம் ஊர்ப் பழக்கம் போன்றதே. புதிதாக ஊருக்கு வந்தவன், "இங்கே இடம் கொடுப்பார் யாராவது உண்டா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூவுகிறான். "இந்த எண்ணுள்ள இடம் இருக்கிறது" என்று ஒருவர் சொல்கிறார். "அதையே கொடுங்கள்" என்கிறான். "கொடுத்தோம், இத்தனை நேரத்திற்கு" என்று விடை வருகிறது. இந்த நான்கு பேச்சும் முடிந்தால் நான்கு எண்களாலான முகவரி கிடைக்கிறது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை. ஆக மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகளே உண்டு. உலக மக்கள் தொகைக்கே போதாது! அதனால்தான் வீடுகளிலும் விடுதிகளிலும் 192.168 என்று தொடங்கும் உள்ளூர் எண்களைக் கொடுத்து, ஒரே வெளிமுகவரியின் பின்னால் பலரை நிற்க வைக்கிறார்கள். இதை நான் வகுப்பில் கேட்டதுண்டு. என் பலகைக்கு அப்படியோர் எண் வந்து நின்றபோதுதான் அது எனக்குச் சொந்தமாயிற்று.

எண் கிடைத்தும் இணையப் பக்கம் திறக்கவில்லை என்றால் என்ன செய்வது? இங்கேதான் இயற்பியல் மாணவனுக்கு வேலை இருக்கிறது. ஒன்றை மாற்று, மற்றவற்றை நிலையாக வை என்பதுதானே நம் ஆய்வுக்கூட விதி! 'பிங்' என்னும் கட்டளையை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போக வேண்டும். முதலில் 127.0.0.1 என்று தன்னைத்தானே கேட்டுப் பார். விடை வந்தால் வரைமுறை உயிருடன் இருக்கிறது. அடுத்துத் தன் பிணைய முகவரி. அடுத்து வாயிலாக நிற்கும் ரூட்டர். அங்கிருந்து விடை வந்தால் கம்பியும் செலுத்தி நிரலும் நலம். அடுத்து வெளியுலகில் உள்ள ஓர் எண் முகவரி. விடை வந்தால் வாயில் திறந்திருக்கிறது. கடைசியாகப் பெயர் முகவரி. எண்ணுக்கு விடை வந்து பெயருக்கு விடை வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் பெயர்ச்சேவையில்தான் கோளாறு. 1983-இல் பால் மோக்காபெட்ரிஸ் வகுத்த அந்த ஏற்பாடு இல்லையென்றால் நாம் ஒவ்வொரு தளத்தையும் எண்ணால் நினைவில் வைக்க வேண்டியிருக்கும்.

மீட்டர் பாலத்தில் தொடுமுனையை நகர்த்தி நகர்த்திச் சமநிலைப் புள்ளியைத் தேடுவோமே, அதே பொறுமைதான் இங்கும் வேண்டும். ஐந்து கேள்விகளில் கோளாறு எந்த வீட்டில் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. கைப்பேசி இந்த ஐந்து படிகளையும் மூடி, ஒரு சிறு விசிறிப் படத்தை மட்டுமே காட்டுகிறது. வசதிதான், ஆனால் கல்வி இல்லை.

இன்னொரு சுவையான செய்தி. இந்தப் பலகையில் மின்கலத்தோடு கூடிய கடிகாரம் கிடையாது. மின்சாரம் போனால் நேரம் மறந்துபோகும். நேரம் தவறினால் என்ன என்று கேட்கலாம். இன்றைய இணையத் தளங்கள் தம் அடையாளச் சான்றிதழைக் காட்டித்தான் பேசுகின்றன; அச்சான்றிதழ் இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும் என்று எழுதப்பட்டிருக்கும். நம் கணிப்பொறி பழைய ஆண்டில் வாழ்ந்துகொண்டிருந்தால், 'இச்சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை' என்று கதவைச் சாத்திவிடும். எனவே பிணையத்திடம் முதலில் மணி கேட்க வேண்டும். பிறகே மற்ற பேச்சு. காலமும் பாதுகாப்பும் இப்படிக் கைகோத்து நிற்பதை எந்தப் பாடப் புத்தகம் எனக்கு இவ்வளவு அழுத்தமாகச் சொல்லியிருக்கும்?

கம்பியில்லா இணைப்பின் கதை வேறு. பை 3 பலகையில் 2016 முதலே வைஃபை உண்டு. ஆனால் அதைப் பயன்படுத்தும் ஆற்றல் ரிஸ்க் ஓ.எஸ்.க்கு 2024-இல் வந்த 5.30 பதிப்பில்தான் கிட்டியது. அதுவரை அதன் அன்பர்கள், வைஃபை அலையை வாங்கிக் கம்பி வழியே தரும் சிறு ரூட்டரை இடையில் வைத்துச் சமாளித்தார்கள். விரலளவுச் சில்லு ஒன்றுக்குச் செலுத்தி நிரல் இல்லாமற்போனால் எட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதையும், அக்காத்திருப்பைச் சிலருடைய உழைப்பே முடித்துவைத்தது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

தமிழ் என்ற சொல் எண்ணாகத் தெரிந்தது

'நெட்சர்ஃப்' என்னும் சிறிய உலாவி இந்த இயங்குதளத்திற்காகவே 2002-இல் தொடங்கப்பட்டது. அதைத் திறந்து ஒரு தமிழ்ப் பக்கத்திற்குச் சென்றேன். திரையில் தமிழ் எழுத்து இல்லை. எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் சிறு சிறு எண்கள். 'தமிழ்' என்ற சொல்லின் இடத்தில் 0பி.ஏ.4, 0பி.ஏ.இ, 0பி.பி.எஃப், 0பி.பி.4, 0பி.சி.டி. என்று ஐந்து குறிகள். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூனிகோட் என்னும் உலகக் குறிமுறையில் நம் எழுத்துகளுக்கு உரிய வீட்டெண்கள் அவை. பொருத்தமான எழுத்துரு இல்லாததால் உலாவி, 'எனக்கு உருவம் தெரியாது. எண்ணைச் சொல்கிறேன்' என்று நேர்மையாகச் சொல்லிற்று.

நண்பர்களே, அன்றுதான் எனக்கு ஒன்று புரிந்தது. கைப்பேசியில் தமிழ் இயல்பாக வருகிறதென்று எண்ணியிருந்தேன். எதுவும் இயல்பாக வருவதில்லை. யாரோ உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். எழுத்துரு மட்டும் போதாது. 'கொ' என்று எழுதும்போது குறி ஒன்றுதான். ஆனால் அது எழுத்தின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். அப்படி நிற்க வைக்கும் நிரலும் வேண்டும். கேம்பிரிட்ஜில் இருப்பவர்களுக்கு அந்தத் தேவை இல்லை. அவர்களைக் குறை சொல்வதிலும் பொருள் இல்லை. மூல நிரல் திறந்து கிடக்கிறது. தமிழ் தெரிந்தவன்தான் தமிழைச் சேர்க்க வேண்டும். அந்தத் தமிழன் ஏன் ஓர் அரசுக் கல்லூரி மாணவனாக இருக்கக் கூடாது?

எதிர்ப்புரைகளும் என் விடையும்

"இதனால் வேலை கிடைக்குமா?" என்பதே முதற்கேள்வி. ரிஸ்க் ஓ.எஸ். தெரிந்தவர் தேவை என்று எந்த நிறுவனமும் விளம்பரம் செய்யப்போவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முகவரி, வாயில், பெயர்ச்சேவை, சான்றிதழ் என்று மேலே சொன்னவை எந்த இயங்குதளத்திலும் மாறாதவை. சிறு ஓடத்தில் துடுப்புப் போடக் கற்றவனுக்கு ஆற்றின் போக்குத் தெரியும். பெரிய கப்பலில் பயணியாக மட்டும் போனவனுக்குச் சாப்பாட்டு நேரம்தான் தெரியும்.

"லினக்ஸையே கற்றால் என்ன?" என்பது இரண்டாவது. கற்க வேண்டியதுதான். ஆனால் லினக்ஸ் இன்று பெருங்கடல். அதன் வேலைகளில் பலவற்றை அது நமக்குக் காட்டாமலே முடித்துவிடுகிறது. முதற்பாடத்திற்குக் குளமே ஏற்றது.

"பழைய கட்டமைப்பு, பாதுகாப்புக் குறைவு" என்பது மூன்றாவது. இது நியாயமான கேள்வி. வங்கிக் கணக்கை இதில் திறக்க வேண்டாம் என்பதே என் விடை. புதிய ராஸ்பெரி பை 5-இன் சில்லில், இயங்குதளம் ஓட வேண்டிய நிலையில் 32 பிட் முறை நீக்கப்பட்டுவிட்டதால், ரிஸ்க் ஓ.எஸ். அதில் நேராக ஓட இயலாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாக் கருவிக்கும் ஆயுள் உண்டு. கற்ற கல்விக்கு அது இல்லை.

நான்காவது கேள்வியை எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் செயலில் காட்டுகிறார்கள். பொதுமக்கள் இணையம் பயன்படுத்தும் ஓரிடத்திற்கு என் பலகையைக் கொண்டுபோனேன். அங்கே இணையத்திற்குள் நுழையுமுன் ஒரு பக்கம் தோன்றும். அதில் பெயரும் குறிச்சொல்லும் தர வேண்டும். அப்பக்கம் நெட்சர்ஃபில் ஓடவில்லை. பொறுப்பாளரிடம் சென்று, "ஐயா, கருவியின் வன்பொருள் எண்ணைப் பதிந்துகொண்டு அனுமதி கொடுங்கள்" என்று கேட்டேன். அவர் ஒரு படிவம் தந்தார். கருவியின் வகை என்ற இடத்தில் விண்டோஸ், ஆண்ட்ராய்டு, ஆப்பிள் என்று மூன்றே கட்டங்கள். "இதில் எது தம்பி?" என்றார். எதுவும் இல்லை என்றேன். "அப்படியானால் முடியாது" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. படிவத்தின் மேல்தான் வருத்தம். 1983 சனவரி முதல் நாள் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் டி.சி.பி./ஐ.பி. வரைமுறைக்கு மாறியபோது, எந்த நிறுவனத்தின் கருவியானாலும் பேசலாம் என்பதுதானே அதன் உயிர்க்கொள்கை? வரைமுறை எல்லோரையும் ஏற்கிறது; படிவம் மூவரை மட்டும் ஏற்கிறது. இது இப்படியே வளர்ந்தால், இணையம் என்பது மூன்று கடைகளின் வாசலாகச் சுருங்கிவிடும்.

நாம் வேண்டுவது

என் வீட்டில் கல்லூரிப் படியேறியவன் நான்தான் முதல். இங்கே படிக்கும் பலரும் அப்படித்தான். ஐயம் வந்தால் வீட்டில் கேட்க அண்ணனோ மாமாவோ பொறியாளராக இல்லை. அத்தகையவர்களுக்குத் தன்னைத் திறந்து காட்டும் கருவியே ஆசான். மூடிய கருவி, வசதியுள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே மாதிரி தெரியும். ஆனால் அதைத் திறந்து காட்ட வசதியுள்ளவனுக்கு ஆள் உண்டு, நமக்கு இல்லை. ஆதலால் இது பொழுதுபோக்கு என்று ஒதுக்கத்தக்கதன்று; சமவாய்ப்பின் ஒரு பகுதியே ஆகும்.

எனவே நான் கேட்பவை சிலவே. அறிவியல் துறைகள் ஒவ்வொன்றிலும் நான்கைந்து பலகைகள் இருக்கட்டும். புதியவை வேண்டாம்; பழையவையே போதும். வாரம் ஒரு மாலை, மதிப்பெண் இல்லாத ஒரு மணி நேரம் கிடைக்கட்டும். அங்கே ஒரு பிணையக் கம்பி, எந்தக் கருவிக்கும் கதவு திறக்கும் விதத்தில், தனியே பிரித்து வைக்கப்படட்டும். செய்ததை ஒவ்வொருவரும் தமிழில் குறிப்பேட்டில் எழுதி அடுத்த ஆண்டு மாணவனுக்கு விட்டுச் செல்லட்டும். படம் வரைந்து, கண்ட பிழையை எழுதி, தீர்ந்த விதத்தையும் எழுதினால் மூன்றாண்டுகளில் அது ஒரு நல்ல கையேடாகிவிடும். தமிழ்த் துறை நண்பர்களும் கணிதத் துறை நண்பர்களும் சேர்ந்தால், அந்த ஐந்து எண்களை 'தமிழ்' என்று திரையில் நிற்க வைக்கும் முயற்சியையும் தொடங்கலாம்.

இணையத்தைப் பயன்படுத்துவோர் நாட்டில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த எண்ணிக்கையில் நாமும் ஒருவராகச் சேர்வதில் பெருமை ஒன்றும் இல்லை. அதை இணைக்கத் தெரிந்தவர், பழுது கண்டால் படிப்படியாகத் தேடத் தெரிந்தவர், இல்லாததைச் சேர்க்கத் துணிந்தவர் என்ற வரிசையில் நம் கல்லூரியின் பெயரும் இருக்க வேண்டும். அதற்குப் பெரும் பொருள் வேண்டாம். கையளவுப் பலகை ஒன்று, ஒரு முழம் கம்பி, சலியாத மனம் ஆகிய மூன்றும் போதும். முயல்வோம் நண்பர்களே!